மச்சான், எந்த மேனிஃபோல்டு போடலாம்?



மலருக்கு ஒரு கவிதை கொடு என்று யூனியன் தோழர்கள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதல் கவிதைக்கு நம் மலரில் என்றைக்கும் பஞ்சமும் இருந்ததில்லை. எனவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி, கொஞ்சம் கோபத்தோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் எழுதுகிறேன். வெட்கம் எதற்கு என்பது நடுவில் வரும்.

கேன்டீன் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஆட்டோமொபைல் பையனோ மெக்கானிக்கல் பையனோ, யார் வந்தாலும் பேச்சு கடைசியில் டர்போவில்தான் வந்து நிற்கிறது. "மச்சான், ஷார்ட் ரன்னர் மேனிஃபோல்டு ஒண்ணு போட்டா முப்பது ஹெச்.பி. ஏறுமாம்டா." "யார்றா சொன்னா?" "வீடியோவுல பார்த்தேன்." டீ ஆறுவதற்குள் முப்பது ஐம்பதாகிவிடும். சொல்கிறவனிடம் கார் இல்லை. கேட்கிறவனிடம் சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்டக் காசில்லை. ஆனாலும் அடுத்த வருஷம் இவர்களில் யாரோ ஒருவன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்பான். அங்கே ஒரு கார்க்காரர் வந்து, "தம்பி, டிப்ளமோ படிச்சவன்தானே, எந்த மேனிஃபோல்டு போடலாம் சொல்லு" என்று கேட்பார். அவனும் வீடியோவில் பார்த்ததைச் சொல்வான். எனக்குக் கவலை அங்கேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடும் டர்போ காருக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த இன்டேக் மேனிஃபோல்டை மாற்றப் பெரும்பாலோருக்குக் காரணமே கிடையாது. மாற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் "எத்தனை ஹெச்.பி. ஏறும்?" என்று கேட்கக் கூடாது. "எந்த ஆர்.பி.எம்.மில் ஏறும், எந்த ஆர்.பி.எம்.மில் இறங்கும்?" என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்த மேனிஃபோல்டைக் கையில் எடுத்து, அதில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எண்ண வேண்டும். சிரிக்காதீர்கள். ஓட்டையை எண்ணாமல் விட்ட ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

மேனிஃபோல்டு என்றால் என்ன? திராட்டில் பாடி வழியாக வரும் காற்று முதலில் ஒரு பெட்டிக்குள் நிற்கிறது, அது பிளீனம். அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய், அது ரன்னர். இவ்வளவுதானே, நாலு குழாய் ஒரு டப்பா, இதில் என்ன பெரிய வித்தை என்று முதல் வருஷத்தில் நானும் நினைத்தேன்.

ஆனால் ரன்னருக்குள் காற்று வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை. 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு இன்டேக் வால்வு விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது ரன்னருக்குள் ஒரு குறைந்த அழுத்த அலை கிளம்பிப் பிளீனத்தை நோக்கி ஓடும். குழாய் அகன்று பெட்டிக்குள் திறக்கும் இடத்தில் அந்த அலை திரும்பும். திரும்பும்போது தலைகீழாக மாறி, அழுத்தம் கூடிய அலையாக வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், படிக்கட்டில் தொங்குபவனைக் கண்டக்டர் "உள்ள போப்பா" என்று தள்ளுவதுபோல இன்னும் கொஞ்சம் காற்றை சிலிண்டருக்குள் தள்ளிவிடும். வால்வு மூடிய பிறகு வந்தால்? பஸ் போயே போச்சு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேனிஃபோல்டுக்குள் காற்று 60 டிகிரி சூட்டில் இருந்தால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 365 மீட்டர். அலை போய்த் திரும்ப கிராங்க் 90 டிகிரி சுற்றும் நேரம் கொடுப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 ஆர்.பி.எம்.மில் 90 டிகிரி சுற்ற 5 மில்லி விநாடி ஆகும். அதற்குள் அலை 1 மீட்டர் 83 சென்டிமீட்டர் ஓடும். போக வர என்பதால் பாதி. ஆக, சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் போர்ட்டையும் சேர்த்துக் குழாய் சுமார் 91 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதே கணக்கு 6000 ஆர்.பி.எம்.முக்கு 46 சென்டிமீட்டர். இது ரொம்பவும் எளிமையாக்கிய கணக்குதான். பானெட்டுக்குள் 91 சென்டிமீட்டர் குழாய்க்கு இடம் ஏது? அதனால் நிஜ இன்ஜின்களில் இரண்டாவது, மூன்றாவது தடவை திரும்பி வரும் அலையைப் பிடிக்கிறார்கள். ஆனால் தத்துவம் இதுதான். நீளமான குழாய்க்குக் கீழ் ஆர்.பி.எம்.மில் பலம், குட்டைக் குழாய்க்கு மேல் ஆர்.பி.எம்.மில் பலம். இரண்டும் ஒரே குழாயில் கிடைக்காது.

இடமில்லை என்றால் இடத்தை உண்டாக்குவோம் என்று துணிந்தவர்களும் உண்டு. 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் 300 எஃப் காருக்கு 30 அங்குல நீளக் குழாய்களைப் போட்டது. வி-8 இன்ஜினின் இடது பக்க சிலிண்டர்களுக்கான கார்புரேட்டர் வலது பக்க ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், வலது பக்கத்துக்கானது இடது பக்கத்தில். குழாய்கள் இன்ஜினுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போகும். அதிக வேகத்தில் ஓட்ட விரும்பியவர்களுக்கு இன்னொரு வகையும் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே குழாய்களுக்கு நடுவில் இருக்கும் சுவரை வெட்டி, அலைக்குத் தெரியும் நீளத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். வெளியே தெரியும் அழகை வைத்து மேனிஃபோல்டைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

இந்த இடத்தில் ஒரு குரல் வரும் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் டர்போ இல்லாத வண்டிக்குடா. நமக்குத்தான் பூஸ்ட் இருக்கே, அலையாவது கிலையாவது!" இது கேன்டீனில் மட்டுமல்ல, நல்ல மெக்கானிக்குகளிடமும் நான் கேட்ட பேச்சு. தப்பான பேச்சு. 1 பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டுக்குள் மொத்த அழுத்தம் சுமார் 2 பார். காற்று அடர்த்தியாக இருந்தால் அலையின் பலமும் அதே விகிதத்தில் கூடுமே தவிர, அலை காணாமல் போகாது. அது மட்டுமா? 2500 ஆர்.பி.எம்.மில் இன்ஜின் எவ்வளவு நன்றாக மூச்சு இழுக்கிறதோ அவ்வளவு புகை டர்பைனுக்குப் போகும். டர்போ அவ்வளவு சீக்கிரம் விழிக்கும். ஆகவே குட்டை ரன்னர் போட்டவனுக்கு நஷ்டம் இரண்டு தடவை: முதலில் கீழே டார்க் குறைகிறது, அதனாலேயே பூஸ்டும் தாமதமாக வருகிறது. பிறகு மேலே 6500-இல் ஏறிய ஹெச்.பி.யைக் காட்டி மார்தட்டுவான். அந்த 6500-ஐ அவன் எங்கே போய் ஓட்டுவான்?

ஆனால் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பெரிய பிளீனம் போட்டா லேக் வரும்" என்று பயமுறுத்துகிறார்களே, அது பெரும்பாலும் ஊதிப் பெரிதாக்கிய பயம். 2 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 1 லிட்டர் காற்று இழுக்கும். 3000 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 50 சுற்று, 50 லிட்டர். பிளீனத்தை 1 லிட்டர் பெரிதாக்கினால் அந்த 1 லிட்டரை இன்ஜின் காலி செய்ய ஆகும் நேரம் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பூஸ்ட் ஏற ஏற நிரப்ப வேண்டும் என்று இரண்டு மடங்கு வைத்துக்கொண்டாலும் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பெரிய பிளீனம் போட்ட வண்டி மந்தமாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் அதோடு சேர்ந்து வந்த குட்டை ரன்னர்தான். பழி மட்டும் பெட்டியின் மேல்!

சரி, நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். மிட்சுபிஷி லான்சர் கார் 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானது பலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு அதே ஆலையிலிருந்து சீடியா வந்தது. நம் நாட்டு ராலிகளில் வெகுகாலம் கலக்கிய வண்டி. இந்தக் குடும்பத்தின் மூத்த முரட்டுப் பிள்ளைதான் லான்சர் எவல்யூஷன், செல்லமாக எவோ. 1992-இல் உலக ராலிக்காகவே ஜப்பானில் பிறந்தது. ஒன்பதாம் எவோ வரை அதற்கு இதயம் 4ஜி63 என்ற 1997 சிசி டர்போ இன்ஜின். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருஷம் டாம்மி மாக்கினன் உலக ராலி சாம்பியன் ஆனது இந்த வண்டியில்தான். மேனிஃபோல்டு மாற்றும் பைத்தியம் உலகத்திலேயே அதிகமாகப் பிடித்த கார்களில் இதுவும் ஒன்று.

அப்படிப்பட்ட வண்டிக்கு எந்த மேனிஃபோல்டு நல்லது? இதற்குப் பதில் ராலி விதிமுறையிலேயே இருக்கிறது. 1995 முதல் உலக ராலி கார்களின் டர்போவுக்கு முன்னால் 34 மில்லி மீட்டர் வளையம் ஒன்று வைக்க வேண்டும் என்று விதி வந்தது. எல்லாக் காற்றும் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், பின்னாலிருந்து எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி கூடுதல் காற்று வராது. நாஸில் பாடத்தில் படிக்கிறோமே, அதே சோக்டு ஃப்ளோதான். அதனால் பவர் சுமார் 300 ஹெச்.பி.யில் நின்றுவிட்டது. இன்ஜினியர்கள் என்ன செய்தார்கள்? மேல் ஆர்.பி.எம்.மை மறந்துவிட்டு, கீழேயும் நடுவிலும் டார்க்கைக் கூட்டினார்கள்.

(அந்த 34 மில்லி மீட்டருக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? 1995 கட்டலோனியா ராலியில் டொயோட்டா அணி, மாட்டினால் சரியாகத் தெரிகிற, ஆனால் உள்ளுக்குள் நகர்ந்து பக்கவாட்டில் காற்றைத் திருட்டுத்தனமாக விடுகிற ஒரு வளையத்தை வைத்துப் பிடிபட்டது. 12 மாதத் தடை. கொஞ்சம் காற்றுக்காக ஒரு வருஷம் போச்சு! தப்புதான். ஆனால் அந்த வளையத்தைச் செய்த ஃபிட்டரின் கையை நினைத்தால் ஒரு சலாம் போடத் தோன்றுகிறது.)

ராலி ரத்தத்தில் பிறந்த எவோவைக் கம்பெனி ரோட்டுக்கு விட்டபோது போட்ட வார்ப்பு அலுமினிய மேனிஃபோல்டும் நடு ஆர்.பி.எம்.முக்கு ஏற்றதுதான். எவோ வைத்திருப்பவர்கள் பல வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்துச் சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே பாட்டு. கம்பெனி டர்போவோ கொஞ்சம் பெரிய டர்போவோ இருக்கும் வரை கம்பெனி மேனிஃபோல்டை வெல்வது கஷ்டம். மிகப் பெரிய டர்போ போட்டு, 7000-க்கு மேலேயே வண்டியை வைத்து, டிராக் ரேஸில் நேர்கோட்டில் பறப்பவனுக்குத்தான் குட்டை ரன்னரும் பெரிய பிளீனமும் கூலி கொடுக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுபவர் அதைப் போடட்டும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு, முன்னால் ஒரு மணல் லாரியும் பின்னால் ஒரு பிரைவேட் பஸ்ஸுமாகப் போகிறவருக்கு 7000 எதற்கு? அவருடைய வண்டி வாழ்வது 1800-க்கும் 4000-க்கும் நடுவில்.

இனி என் வெட்கக் கதை.

சிங்கப்பூரில் பத்து வருஷம் உழைத்துவிட்டு வந்த என் மாமா ஒரு 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். என்ன கார் என்று கேட்காதீர்கள். காரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வாங்கிய இரண்டாம் மாதமே ஒரு மேனிஃபோல்டை வரவழைத்துவிட்டார். பார்சலைப் பிரித்தபோது நாங்கள் இரண்டு பேரும் அதைக் கோயில் சாமான் மாதிரித் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். அவ்வளவு பளபளப்பு! முகம் தெரியும்.

"மாப்ள, நீ டிப்ளமோ. நீயே கூட இருந்து மாட்டிக் குடுத்துரு" என்றார் மாமா. எனக்குத் தலை கால் புரியவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவருடைய ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். பழைய மேனிஃபோல்டில் சின்னதும் பெரியதுமாகப் பல நிப்பிள்கள். ஒன்று பூஸ்ட் சென்சாருக்கு, ஒன்று கிராங்க் கேஸ் புகைக்கு, ஒன்று ஃப்யூயல் ரெகுலேட்டருக்கு, பெரியது பிரேக் பூஸ்டருக்கு. புதியதில் பூஸ்டருக்கான பெரிய நிப்பிள் இல்லவே இல்லை. ரேஸ் காரில் பூஸ்டரை எடுத்துவிடுவார்களாம், அதனால் போடவில்லையாம். நாங்கள் என்ன செய்தோம்? பிளீனத்தில் ஒரு சின்ன ஓட்டை டிரில் போட்டு, டேப் அடித்து, ஒரு மெல்லிய நிப்பிளை முடுக்கினோம். பழைய ஹோஸ் அதற்குப் பொருந்தவில்லை. அதை அறுத்து எறிந்துவிட்டுப் புது ஹோஸ் மாட்டினோம். அறுத்து எறிந்த ஹோஸுக்குள்ளேதான் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தது. அறுத்தவன் நான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக் பெடலை நாம் காலால் மிதிக்கும் பலம் போதாது. பூஸ்டருக்குள் இருக்கும் வாக்குவம்தான் மீதி பலத்தைக் கொடுக்கிறது. அந்த வண்டியில் அந்த வாக்குவம் மேனிஃபோல்டிலிருந்து வந்தது. டர்போ வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டுக்குள் வாக்குவம் போய் அழுத்தம் வந்துவிடும். அந்த அழுத்தம் பூஸ்டருக்குள் போகாமல் கதவடைப்பது நான்-ரிட்டர்ன் வால்வு. அது இல்லாவிட்டால், பூஸ்ட் ஏறும்போதெல்லாம் பூஸ்டரின் வாக்குவம் காலி. காலை எடுத்ததும் வாக்குவம் திரும்ப வரும்தான். ஆனால் நாங்கள் போட்ட ஊசி ஓட்டை வழியாக அது வந்து நிரம்ப நேரம் வேண்டுமே!

ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பிரேக் ஜோராகப் பிடித்தது. பிடிக்காமல் என்ன? மெதுவாக ஓட்டும்போது வாக்குவம் எப்போதும் இருக்கும். எங்களை ஏமாற்றியதே அதுதான்.

மறுநாள் திருச்சி ரோடு. மாமா ஓட்ட, நான் பக்கத்தில். முதலில் ஏமாற்றம்: மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி முன்பு மாதிரிக் கிளம்பவில்லை, யோசித்து யோசித்துக் கிளம்பியது. "என்ன மாப்ள, செலவு பண்ணி ஸ்லோ ஆக்கிட்டமா?" என்றார். நார்த்தாமலைப் பிரிவு தாண்டி ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்ய முழுக்க மிதித்தார். பஸ் பின்னால் போனது. எதிரே, கீரனூர் வருவதற்கு முன்னால், ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. பின்னால் கம்போடு ஒரு சின்னப் பையன். மாமா பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. "பிடிக்கல மாப்ள!" என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு காலையும் வைத்து மிதித்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, ரோட்டோர மண்ணில் இறக்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் இருந்த மண் மேட்டில் மோதி நிறுத்தினார். ரேடியேட்டர் போனது, பம்பர் போனது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. பையன் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடம், "நாய் குறுக்க வந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டார். இதைப் படித்தால்தான் அம்மாவுக்கு உண்மை தெரியும்.

எனவே நண்பர்களே, ஓட்டையை எண்ணுங்கள். பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை, எது எதற்கு, எது எந்த அளவு, எந்த ஹோஸுக்குள் வால்வு ஒளிந்திருக்கிறது என்று நோட்டில் படம் வரைந்து எழுதிவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள். கணக்கு சரியாக வராத மேனிஃபோல்டு எவ்வளவு ஹெச்.பி. கொடுத்தாலும் ரோட்டு வண்டிக்கு வேண்டாம்.

பிறகு ரேடியேட்டர் மாற்றியபோது அந்த மேனிஃபோல்டைக் கழற்றி, பழையதையே போட்டுவிட்டோம். கழற்றியதை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒரு பழைய புளோயரையும், பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிச் செய்த யு-டியூப் மேனோமீட்டரையும் வைத்து ஒவ்வொரு ரன்னராக ஊதிப் பார்த்தேன். 2, 3, 4 மூன்றுக்கும் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய ஒன்றுபோல் நின்றது. திராட்டில் பாடிக்கு அருகிலேயே இருக்கும் 1-ஆம் ரன்னருக்கு மட்டும் தனியாகத் தெரிந்தது. யோசித்தால் காரணம் புரியும். பெட்டியின் ஒரு முனையிலிருந்து வேகமாக நுழையும் காற்று பக்கத்து வாசலில் சட்டென்று திரும்ப முடியாமல் நேரே கடைசிக்கு ஓடுகிறது. ரன்னர் வாயும் வட்டமாக உருட்டப்படாமல் வெட்டியது வெட்டியபடி இருந்தது.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? ஈ.சி.யூ. நாலு சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோல்தான் கொடுக்கும். சைலன்ஸர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் நாலின் சராசரியைத்தான் பார்க்கும். காற்று அதிகம் போகும் சிலிண்டர் லீனாக எரியும். பூஸ்டில் லீன் என்றால் சூடு, நாக்கிங், கடைசியில் பிஸ்டன் உருகுவது. சராசரி மட்டும் சரியாகவே காட்டும். வகுப்பு சராசரி 60 மார்க் என்றால் யாரும் அரியர் வைக்கவில்லை என்று அர்த்தமா?

ஆகையால் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ரன்னர் வாய் உருண்டையாக இருக்கிறதா? உள்ளே வெல்டிங் கசிந்து முத்து முத்தாக நிற்கிறதா? அந்த முத்து ஒன்று கழன்று வால்வுக்குள் போனால் கதை முடிந்தது. ஃபிளாஞ்சை சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். அலுமினியத்தை வெல்டு செய்தால் கோணும். வெல்டிங் முடிந்த பிறகு மில்லிங்கில் ஒரு முறை சீவியிருக்க வேண்டும். சீவாததை போல்ட் போட்டு இழுத்தால் அன்றைக்கு உட்காரும், ஒரு மாதத்தில் கேஸ்கட் ஓரம் ஊதும். இன்னொன்று: இன்றைய கார்களில் வரும் நைலான் மேனிஃபோல்டை "பிளாஸ்டிக்குடா" என்று கேவலமாகப் பேசுகிறோம். அது இன்ஜின் சூட்டை அலுமினியம் அளவுக்குக் காற்றுக்குக் கடத்தாது, உள்சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, எடையும் குறைவு. பளபளப்பு மட்டும்தான் இல்லை.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று வந்தது. பானெட்டுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பீர்கள். விபத்து நடந்த பிறகு எல்லாரும் பார்ப்பார்கள்.

அப்படியென்றால் மேனிஃபோல்டு பக்கமே போகக் கூடாதா? போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் வாங்குகிறவனாக அல்ல, செய்கிறவனாக. நம் மாவட்டத்தில் மாத்தூரில் பாய்லர் வேலைக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் இருக்கின்றன. திருமயத்தில் பெல் நிறுவனம் மின் நிலையங்களுக்குப் பைப்பிங் செய்கிறது. நம் சீனியர்கள் எத்தனை பேர் அங்கே ஆர்கான் வெல்டிங் பிடிக்கிறார்கள்! அந்தக் கைக்கு, ஏ.சி. டிக் மெஷினும் 4043 ஃபில்லரும் கொடுத்து, அலுமினியத்தில் கொஞ்சம் பழக்கினால் நாலு குழாயும் ஒரு பெட்டியும் பெரிய காரியமில்லை. கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்த பிறகு அவர் பெயரில் எழுந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இப்போது ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. என்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள் தாங்களே செய்த காரை ஓட்டுகிறார்கள். அங்கேயும் ராலி மாதிரியே ஒரு வளையம் உண்டு. பெட்ரோல் வண்டிக்கு 20 மில்லி மீட்டர், அவ்வளவுதான். அந்தச் சின்னத் தொண்டை வழியாக வரும் காற்றை நாலு சிலிண்டருக்கும் சமமாகப் பங்கு போடுவதில்தான் பாதி வெற்றி. அதனால் அங்கே மேனிஃபோல்டைக் கடையில் வாங்குகிறவனுக்கு வேலை இல்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? தெர்மல் லேபில் ஒரு நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது. அதில் மோர்ஸ் டெஸ்ட் செய்கிறோம். ஒவ்வொரு சிலிண்டராகக் கட் செய்து, லோடைக் குறைத்துப் பழைய ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுவந்து, பிரேக் பவர் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அந்த சிலிண்டரின் இண்டிகேட்டட் பவரைக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்து என்ன செய்கிறோம்? நாலையும் கூட்டி, மெக்கானிக்கல் எஃபிஷியன்ஸி போட்டு, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்குகிறோம். கூட்டுவதற்கு முன்னால் அந்த நாலு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்திருக்கிறோமா? எந்த சிலிண்டருக்குக் காற்று குறைகிறது என்பது அங்கேயே தெரிகிறது. மேனிஃபோல்டைச் சோதிக்க இதைவிட மலிவான கருவி எந்த ஊரிலும் கிடையாது. அதை நாம் வைவாவுக்கு மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

ஆகவே கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு என் யோசனை இது. லேப் இன்ஜினுக்கே இரண்டு மேனிஃபோல்டு செய்வோம், ஒன்று நீள ரன்னர், ஒன்று குட்டை ரன்னர், பிளீனம் இரண்டுக்கும் ஒன்றே. கம்பெனி மேனிஃபோல்டையும் சேர்த்து மூன்றிலும் 1500, 2500, 3500 ஆர்.பி.எம்.களில் ஏர் டேங்க் ஆரிஃபிஸில் காற்றை அளப்போம். ஒவ்வொன்றிலும் மோர்ஸ் டெஸ்ட் எடுப்போம். டர்போ இல்லாத இன்ஜின்தான். ஆனால் எந்தக் குழாய் எங்கே ஜெயிக்கிறது என்பது கண்ணால் தெரிந்துவிடும். லேப் சாரிடம் கேட்டுவிட்டேன். "ஃபிளாஞ்சை ஒழுங்கா சீவிட்டு வாங்கடா, அப்புறம் பாக்கலாம்" என்றார். அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வெல்டிங்குக்கு ஒருவன், மில்லிங்குக்கு ஒருவன், கணக்கு எழுத ஒருவன் வேண்டும். ஹோஸ் அறுக்கும் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மாமாவின் பளபளப்பு மேனிஃபோல்டு என் கட்டிலுக்கு அடியில், எங்கள் டிரில் ஓட்டையோடு அப்படியே இருக்கிறது. பார்க்க வேண்டும் என்பவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வரலாம். அம்மா இருக்கும்போது மட்டும் நாய் குறுக்கே வந்தது என்றே சொல்லுங்கள். இந்த மலர் வீட்டுக்கு வரும் வரையாவது.